ஆர்10 கணினியோடு இணையவில்லையா? கருவியைத் திட்டாதீர்கள்

கோல்ஃப் பந்தின் வேகத்தையும் திசையையும் ரேடாரால் அளக்கும் கார்மின் அப்ரோச் ஆர்10 வாங்கியாயிற்று, கணினியில் கோல்ஃப் ஆட ஜிஎஸ்ப்ரோ மென்பொருளுக்குச் சந்தாவும் கட்டியாயிற்று. அடித்தால் வலைக்குள் பந்து போகிறது, திரையில் அசைவே இல்லை. உடனே "விலைக்கேற்ற சரக்கு" என்று கருவியை விற்கக் கிளம்புகிறார்கள். என் கருத்தில், பெரும்பாலும் குற்றம் வீட்டு வைஃபை, கணினி அமைப்புகள் மேல்தான்.

தகவல் போகும் வழியைப் பாருங்கள். கருவி புளூடூத்தில் போனிலுள்ள கார்மின் கோல்ஃப் செயலிக்கு அனுப்பும். செயலி வைஃபையில் கணினிக்கு அனுப்பும். ஆனால் அந்தச் செயலிக்கு ஈ6 கனெக்ட் என்ற வேறொரு கோல்ஃப் மென்பொருளோடுதான் பேசத் தெரியும். அதனால் கணினியில் ஓர் இணைப்பு நிரல் ஈ6 வேடம் போட்டு 2483 போர்ட்டில் (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கிறது; வந்ததை மொழிபெயர்த்து 921 போர்ட்டில் ஜிஎஸ்ப்ரோவிடம் தருகிறது. பயனர்களே எழுதிய இந்த நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

திறக்கும் வரிசை முக்கியம். முதலில் ஜிஎஸ்ப்ரோ, அதன் கனெக்ட் ஜன்னல் ஓப்பன் ஏபிஐ (வெளி நிரல்களை ஏற்கும்) முறையில் திறந்திருக்க வேண்டும். அடுத்து இணைப்பு நிரல், கடைசியில் போன் செயலி. நிரலை முந்தித் திறந்தால் 921-இல் கேட்க ஆளில்லாமல் இணைப்பு மறுக்கப்படும்.

செயலியின் ஈ6 அமைப்பில் கணினியின் ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும், 192.168.1.20 மாதிரி. சிலர் 127.0.0.1 என்று போடுகிறார்கள். அந்த எண் எந்தச் சாதனத்திலும் அந்தச் சாதனத்தையே குறிக்கும்; அது போன் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவது! நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் ரவுட்டர் கணினிக்குப் புது முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. கணினியில் விபிஎன் (இணையத் தொடர்பை வேறு வழியே திருப்பும் நிரல்) ஓடினால் நிறுத்துங்கள். போனை விருந்தினர் வைஃபையில் போடாதீர்கள், அதிலுள்ள சாதனங்களை மற்ற சாதனங்களோடு பேச ரவுட்டர் பொதுவாக விடாது.

அதிகம் பேர் மாட்டுவது ஃபயர்வாலில், அதாவது வெளித் தொடர்புகளைத் தடுக்கும் விண்டோஸ் காவலில். நிரலை முதல்முறை திறக்கும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அவசரத்தில் "கேன்சல்" அழுத்தினால் தடை விதி ஒன்று பதிவாகிவிடும், மறுபடி கேட்காது. அந்த விதியை நீக்கி, வைஃபையை "பிரைவேட்" ஆக்குங்கள். ஐபோனில் இன்னொரு பூட்டு உண்டு: தனியுரிமை அமைப்பில் கார்மின் கோல்ஃபுக்கு உள்ளூர் நெட்வொர்க் அனுமதி.

போனே வேண்டாம் என்றால், சில நிரல்கள் கணினியின் புளூடூத்திலேயே ஆர்10-ஐப் பிடிக்கும். என்னைக் கேட்டால் இதுதான் மேல். அப்போது போனின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள், இல்லையேல் அது முந்திக்கொள்ளும். விண்டோஸ் 11 கருவியைக் கண்டுபிடிக்காவிட்டால் புளூடூத் தேடல் அமைப்பை "அட்வான்ஸ்ட்" ஆக்கிப் பாருங்கள்.

இணைந்த பிறகும் "செயலியில் ஒரு தூரம், ஜிஎஸ்ப்ரோவில் ஒரு தூரம்" என்று கிளம்புவார்கள். அது பழுதில்லை. ஜிஎஸ்ப்ரோ எடுத்துக்கொள்வது பந்தின் வேகம், ஏவுகோணம், திசை, சுழற்சி ஆகியவற்றை. பறக்கும் பாதையைத் தானே கணக்கிடுகிறது. தவறான தகவல் போனால் தவறான பாதைதான் வரும். ஆகவே கருவியைப் பந்துக்குப் பின்னால் 6 முதல் 8 அடிக்குள், இலக்குக் கோட்டுக்கு நேராக வையுங்கள். பந்து பறக்க முன்னால் 8 அடியாவது விடுங்கள். சிறிய அறையில் சுழற்சி பெரும்பாலும் கணிப்புதான். திரையில் தெரியும் வளைவை வைத்து ஸ்விங்கை மாற்றாதீர்கள். பட்டிங் (பந்தைத் தரையில் உருட்டிக் குழிக்குள் தள்ளுவது) ரேடாருக்கு வராத கலை, அதை ஜிஎஸ்ப்ரோவின் தானியங்கி அமைப்புக்கு விட்டுவிடுங்கள்.