நாடாளுமன்ற கேண்டீனில் சாப்பாடு 2 ரூபாயா?

கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் போன வாரம் மாமா ஒருவர் செல்போனை நீட்டினார். "டெல்லி கேண்டீன்ல டீ 1 ரூபா, சாப்பாடு 2 ரூபா, தோசை 4 ரூபா, சிக்கன் 24.50. எம்.பி.க்களும் ஆபீஸ்காரங்களும் நம்ம வரிப்பணத்துல தின்னுறாங்க" என்றது அந்தச் செய்தி. பல வருடமாகச் சுற்றும் அதே பட்டியல்தான். பைசாக் கணக்கோடு விலை போட்டிருந்தால் நமக்கும் நம்பத் தோன்றிவிடுகிறது.

இந்த விலைகள் இன்று இல்லை. மானியம் இருந்தது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் சைவச் சாப்பாடு 2 ரூபாய்க்குப் போகவில்லை. 2015இல் 18 ரூபாய். 2016 ஜனவரி 1 முதல் அது 30 ஆனது, அசைவச் சாப்பாடு 33இலிருந்து 60க்கு ஏறியது.

அப்புறம் வடக்கு ரயில்வே நடத்திவந்த கேண்டீன் 2020 நவம்பரில் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் (ஐ.டி.டி.சி.) கைக்குப் போனது. மானியம் நிறுத்தப்படுவதாக 2021 ஜனவரியில் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அறிவித்தார். அப்போது வந்த புதிய பட்டியலில் சைவச் சாப்பாடு 100 ரூபாய், அசைவ மதிய பஃபே 700. ரொட்டி மட்டும் 3 ரூபாய். அங்கே சாப்பிடுவது எம்.பி.க்கள் மட்டுமல்ல, செயலக ஊழியர்கள், காவலர்கள், பத்திரிகையாளர்களும்தான். அவர்களும் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

நான் இதையெல்லாம் சொன்னதைக் கேட்டுவிட்டு மாமா, "சரி, அந்த 700 ரூபா பஃபேல என்னதான் போடுவான்?" என்றார்.