சுக்கான் இருவர் கையிலும்

வேலையை விட்டு, வீட்டை விற்று, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு, தீவு தீவாகவும் துறைமுகம் துறைமுகமாகவும் சுற்றி வாழும் கணவன் மனைவியரின் காணொளிகளை எங்கள் உறவினர் குழுவில் யாராவது ஒருவர் அடிக்கடி பகிர்கிறார். "கொடுத்து வைத்தவர்கள்" என்று ஒருவர் எழுதுவார்; "காசு இருந்தால் எதுவும் நடக்கும்" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் பிறந்து, கடலுக்குப் போகிறவர்கள் நடுவிலேயே வளர்ந்த எனக்கு இந்த இரண்டு பதில்களும் விஷயத்தைத் தொடுவதாகத் தெரியவில்லை. அந்த வாழ்க்கையில் பொறாமைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இருவரில் ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் தனியாகப் படகைக் கரை சேர்த்துவிடுவார்.

காசுக் கணக்கு முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்று நல்ல படகின் விலையில் தஞ்சாவூரில் வீடே வாங்கலாம். ஆனாலும் இந்த வாழ்க்கைக்கு வழி போட்டவர்கள் பணக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் அல்லர். எரிக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1952 முதல் 1955 வரை முப்பது அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தனர். லாரி, லின் பார்டி தம்பதியோ தம் கையாலேயே கட்டி 1968இல் கடலில் இறக்கிய, இருபத்து நான்கு அடியைச் சற்றே தாண்டிய படகில் இயந்திரமே வைக்கவில்லை. காற்று நின்றால் அவர்களும் நின்றார்கள். நம் ஊர் விசைப்படகின் பக்கத்தில் நிறுத்தினால் அது குட்டிபோலத்தான் தெரியும்.

காணொளிகளில் வராத பகுதி இரவு. நீண்ட கடற்பயணத்தில் படகு எங்கும் நிற்பதில்லை. ஆகவே மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு, ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்குவார். காற்றின் திசையைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பிக்கொள்ளும் கருவி இருந்தாலும், எதிரே வரும் சரக்குக் கப்பலின் விளக்கைக் கவனிக்கவும், காற்று ஏறினால் பாயைச் சுருக்கவும் ஓர் ஆள் வேண்டும். பத்து மீட்டருக்குள் வாழும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சரியாகப் பார்ப்பதே முறை மாறும் அந்தச் சில நிமிடங்களில்தான். எழுந்து வருபவருக்குக் காற்று எப்படி இருக்கிறது, எந்த விளக்கு எங்கே தெரிகிறது என்று சொல்லிவிட்டு, இறங்குபவர் தூங்கப் போய்விடுவார். பாய்களுக்குக் கீழே ஒருவர் கண்ணை மூடுகிறார் என்றால் மேலே இருப்பவரின் கையை முழுவதும் நம்புகிறார் என்று பொருள். அந்த நம்பிக்கையைக் கல்யாணம் மட்டும் கொடுத்துவிடாது. கயிறு பிடித்த பழக்கம்தான் கொடுக்கும்.

சண்டை வருகிற இடம் வேறு. நங்கூரம் போடும்போது வரும். ஒருவர் சுக்கானில் நிற்பார், மற்றவர் படகின் முன்முனையான அணியத்தில் நின்று சங்கிலியை விடுவார். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்து மீட்டர் சங்கிலியாவது விட்டால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். காற்றின் இரைச்சலில் பின்னால் கத்துவது முன்னால் கேட்காது. "விடு" என்றது "நிறுத்து" என்று காதில் விழும். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லாம் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார்கள். இதற்காகவே தலையில் மாட்டிப் பேசும் கருவியை வாங்கி, அதற்குக் கல்யாணத்தைக் காப்பாற்றும் கருவி என்று கேலிப்பெயரும் வைத்திருக்கிறார்கள் படகுக்காரர்கள். (கழிப்பறைப் பம்பு அடைத்துக்கொண்டால் யார் கை விடுவது என்ற சண்டையையும் எந்தக் காணொளியும் காட்டுவதில்லை.)

அபாயமும் சேர்ந்தே இருக்கிறது. பால், ரேச்சல் சாண்ட்லர் என்ற பிரிட்டிஷ் தம்பதியை 2009 அக்டோபரில் செஷல்ஸ் அருகே சோமாலியக் கடற்கொள்ளையர்கள் பிடித்துச் சென்று, 2010 நவம்பர் வரை ஓராண்டுக்கும் மேலாகச் சிறை வைத்திருந்தனர். மீண்டு வந்த இருவரும் அதே படகைப் பழுது பார்த்து மறுபடியும் கடலுக்குப் போனார்கள். அதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா என்று எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. எதுவானாலும் அது இருவருடையதும்தான்.

இந்தப் படகுகள் நமக்கு அவ்வளவு தொலைவிலும் இல்லை. தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி ஆகிய இடங்களிலிருந்து மேற்கே போகிறவர்கள் வாடைக்காற்று சீராக வீசும் சனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் வங்கக் கடலைக் கடக்கிறார்கள். முதலாம் இராசராசன் காலத்தில் தென்கிழக்காசியாவின் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணி என்ற பௌத்த விகாரத்தை எழுப்பக் காரணமான கடல் வழியும் ஏறக்குறைய இதே பக்கத்து வழிதான். ஆனால் இன்றைய படகுகள் இலங்கையின் தெற்கே காலி (Galle) என்ற ஊரின் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அவற்றின் அடிக்கட்டை தண்ணீருக்குள் இரண்டு மீட்டர் வரை இறங்கி நிற்கும். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையும் இராமர் பாலத்துத் திட்டுகளும் அதற்குத் தோதாக இல்லை. நம் ஆற்று முகத்துவாரங்களோ மணல் மேடிட்டுக் கிடக்கின்றன. அவர்கள் இங்கே வராததில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

என் வருத்தம் வேறு. என் அம்மா கரையில் நின்றபடியே, வருகிற படகின் அணியம் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அன்றைக்குப் பாடு, அதாவது மீன், உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஏலம் கேட்பது, கூறு போடுவது, ஐஸ்காரருக்கும் டீசல்காரருக்கும் கடனைப் பிரித்துக் கொடுப்பது, புயல் சின்னம் என்றால் யாரை எப்போது தடுப்பது என்பதெல்லாம் அவர் கணக்கு. கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் தொழிலுக்குப் போகும் படகில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு நீச்சல்கூடத் தெரியாத பெண்கள் எத்தனை பேர் கரையோரத்தில் வாழ்கிறோம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. கடலோரத்தில் பிறந்த பெண்ணுக்குக் கடல்மேல் உரிமை இல்லை என்பதை நாம் வழக்கம் என்கிறோம். நான் அதை அநியாயம் என்கிறேன்.

பெண்ணால் முடியுமா என்ற கேள்வி இனி எடுபடாது. இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகில் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, இருவர் மட்டுமாக உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையையும் பாய் விரித்தே கடந்தார்கள். எங்களுக்குப் பக்கத்துக் காரைக்காலும் அதே புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான் என்பதை நம் பெண் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இதற்குப் பெரிய திட்டம், பெரிய நிதி என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடங்களுக்கும் மே மாதம் விடுமுறை. மோட்டார் வருவதற்கு முன் பாய் விரித்தே தொழிலுக்குப் போன பெரியவர்கள் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறார்கள்; பாயைத் தாங்கும் கட்டையான பருமலை எப்படித் திருப்புவது, தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எவ்வளவு தளர்த்துவது என்பது அவர்கள் கைக்கு இன்னும் மறக்கவில்லை. அலை ஏறாத ஆற்று முகத்துவாரத்தில், உயிர்காப்பு உடுப்போடு, சின்னப் படகு ஒன்றில் பெண் பிள்ளைகளை ஏற்றி அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். நீச்சலை முதலில் கற்றுத் தருவது என் பொறுப்பு. படகு தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தில் பேச ஆண்கள் யாராவது உடன் வந்தால் வேலை சுலபமாகும். யாரும் வராவிட்டால் அம்மாவை அழைத்துக்கொண்டு நானே போகிறேன்.