கீழே பிரியாணிக் கடை, மேலே குடும்பம்: இதற்குப் பெயர் நகரத் திட்டமா?

குடியிருப்புத் தெருவில் கடையே கூடாது என்று ஒரு கூட்டம். எல்லாத் தெருவிலும் எல்லாமும் வரட்டும், அதுதான் வளர்ச்சி என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே எரிச்சலைக் கிளப்புகின்றன. வீட்டுக்குக் கீழே மளிகைக் கடையோ தையல் கடையோ இருந்து எந்தத் தெருவும் நாசமானதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பூக்கடையும் பாத்திரக் கடையும் வீடுகளோடு சேர்ந்தேதான் இருக்கின்றன. சென்னையில் தெருவைக் கெடுப்பது வேறு. வீடு என்று பிளான் வாங்கி, கார் நிறுத்த விட்ட தரைத்தளத்துக்குச் சுவர் எழுப்பி, ஓட்டலுக்கு வாடகைக்கு விடுகிறார்களே, அந்த அயோக்கியத்தனம்தான்.

முதலில் புகை. அடுப்புக்கு மேலே கூண்டு, எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர், அங்கிருந்து மொட்டை மாடியைத் தாண்டி உயரும் டக்ட் என்னும் குழாய், இவ்வளவும் வேண்டும். வைப்பதோ சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது ஊதுவது பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலில். டக்ட்டை மேலே கொண்டுபோக மாடி வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும், செலவும் கூடும். அதனால் யாரும் செய்வதில்லை.

அடுத்தது சாக்கடை. பாத்திரம் கழுவும் வெந்நீரில் எண்ணெய் உருகித்தான் போகும். குழாயில் பத்தடி தாண்டியதும் ஆறி, மெழுகு போலச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் கிரீஸ் டிராப். தண்ணீர் அதில் அரை மணி நேரமாவது தங்கி ஆறினால்தான் எண்ணெய் மேலே மிதந்து பிரியும். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் போகிற சமையலறைக்கு 600 லிட்டர் தொட்டி வேண்டும் என்று கணக்கு. சிங்க்குக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டு ‘டிராப் இருக்கு சார்’ என்கிறார்கள். அந்தப் பெட்டியையும் யாரும் வழிப்பதில்லை. அடுத்த மழைக்குத் தரைத்தளக் கழிவறைகளில் சாக்கடை எதிர்த்து வருவது யாருடைய வீட்டில்?

ஜெனரேட்டருக்குச் சட்டத்தில் கணக்கே இருக்கிறது. கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ-வின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மீட்டரில் கூட்டினால் புகைக்குழாயின் உயரம். 100 கேவிஏ என்றால் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர். நடைமுறையில் குழாய் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுகிறது.

சிலிண்டர் பயமுறுத்தும் சங்கதி. உரிமம் இல்லாமல் சேர்த்து வைக்க அனுமதிக்கப்பட்ட எல்பிஜி 100 கிலோ. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து வைத்தால் 95, ஆறாவது வந்தாலே மீறல். அவற்றை அடுக்குவது எங்கே? மாடிப்படிக்குக் கீழே. மாடியில் இருப்பவர்கள் தப்பிக்க இருப்பது அந்த ஒரே படிக்கட்டுதான். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பரில் நெரிசலான குடியிருப்புப் பகுதிக் கட்டடத்துக்குள் நடந்த பட்டறையில் தீப்பிடித்து, உள்ளே தூங்கிய தொழிலாளர்கள் 43 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் நம்மூரில் படிக்கட்டை எட்டிப் பார்க்க ஆளில்லை.

சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55. வீடும் கடையும் சேர்ந்த கலப்புப் பகுதிக்கு? தனி வரம்பு கிடையாது. தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதி என்ற நான்கு வகையில் ஏதாவது ஒன்றாக உரிய அதிகாரி அறிவிக்கலாம் என்று ஒரு குறிப்போடு சரி. உங்கள் தெரு எந்த வகை என்று கேட்டால் ஒரு மேசை இன்னொரு மேசையைக் கை காட்டும்.

விதியை மதித்துக் கட்டியவன்தான் இங்கே ஏமாளி. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு வந்தது, 1999 பிப்ரவரி 28 வரை கட்டியதை வரன்முறைப்படுத்த. பிறகு 113-சி, 2007 ஜூலை 1 வரை கட்டியதற்கு. மீறு, காத்திரு, கட்டணம் கட்டு!

இதற்கு நேர் எதிர்க் கொடுமை பழைய மாமல்லபுரம் சாலை. நூற்றுக்கணக்கான ஃபிளாட், சுற்றிலும் மதில், ஒரே கேட். ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு வண்டியை எடுக்க வேண்டும், அல்லது ஆப்பில் ஆர்டர் போட வேண்டும். அப்புறம் டெலிவரி வண்டிகள் தொல்லை என்று அதே மக்கள் புலம்புவார்கள்.

ஜப்பானில் மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்திலும் வீட்டோடு சில வகைக் கடைகளை வைக்கலாம். கடை 50 சதுர மீட்டருக்குள், கட்டடத்தின் மொத்தப் பரப்பில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். கார் வாங்குவதென்றால் நிறுத்த இடம் காட்ட வேண்டும். என்ன கடை என்பதோடு, எவ்வளவு பெரிது, எவ்வளவு தொந்தரவு என்றும் பார்க்கிறார்கள்.

சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026-உடன் முடிகிறது. மூன்றாவதில் வண்ண வண்ணமாக வரைபடம் போட்டது போதும். எந்தக் கடைக்கு எத்தனை சதுர மீட்டர், எத்தனை அடிச் சாலை, எத்தனை மணி வரை, டக்ட் எங்கே முடியும், டிராப் எத்தனை லிட்டர் என்று அட்டவணை போடுங்கள். அந்த ஐந்தையும் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வணிக மின் இணைப்பு என்று எழுதுங்கள். கலப்புப் பகுதியின் இரவு டெசிபல் எத்தனை என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.