1943 பென்னி எல்லாமே புதையல் இல்லை

"1943 என்று போட்ட அமெரிக்கப் பென்னி (ஒரு சென்ட் காசு) எது கிடைத்தாலும் லட்சக்கணக்கில் போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகத் தேடுபவர்கள் இதை நம்ப வேண்டாம். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் 100 கோடிக்கும் மேல் அடித்தார்கள். அந்த வெள்ளைக் காசுகள் தேய்ந்திருந்தால் ஒரு டாலர் கிடைப்பதே பெரிது. பெரிய விலைக்குப் போவது, தவறுதலாக வெண்கலத்தில் அடிபட்ட மிகச் சில காசுகள்தான்.

செம்பு நிறத்தில் ஒன்று கிடைத்தால் முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டால் எடை சுமார் 3.1 கிராம் இருக்க வேண்டும். அப்புறம் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள். 1948-இன் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கிய போலிகள் உண்டு. அசலில் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே இறங்கியிருக்கும்.

உண்மையில் தேட வேண்டியது 1909 பென்னி: ஆண்டுக்குக் கீழே 'எஸ்' (S, சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி), பின்புறம் அடியில் 'வி.டி.பி.' (V.D.B., வடிவமைத்தவரின் பெயர் எழுத்துகள்), இரண்டும் சேர்ந்தவை அடித்ததே 4,84,000தான். தயவுசெய்து எந்தக் காசையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விலை விழுந்துவிடும்.