ஸ்னோ தள்ளுற பெடியளுக்கு இரண்டு தரத்துக்குக் காசு குடுங்கோ

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோ, அதை அண்டிய மார்க்கம் பக்கம் ஒவ்வொரு ஜனவரியும் கேட்கிற முறைப்பாடு இது: "பக்கத்து வீட்டுப் பெடியன் வந்தான், 20 டொலர் வாங்கினான், பின்னேரம் வேலையால வந்து பார்த்தால் வாசலில மதில் மாதிரி ஸ்னோ நிக்குது."

பெடியனில் பிழை இல்லை. அவன் காலை ஏழு மணிக்குள் வீட்டு முன்னால் கார் விடுகிற ட்றைவ்வேயை வழித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். தெருப் பனியை ஒதுக்குகிற நகரசபையின் பிளவ் லொறி வந்தது அதற்குப் பிறகு. ரொறன்ரோவில் குடியிருப்புத் தெருக்களுக்குள் பிளவ் இறங்குவது 8 செ.மீ. அளவு விழுந்த பிறகுதான். எல்லாத் தெருவையும் முடிக்க அரை நாளுக்கு மேல் போகும். அது வரும்போது தெருவில் கிடந்ததையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வயல் வரம்பு மாதிரி ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். ஸ்காபரோ போன்ற இடங்களில் அந்த வரம்பை எடுக்க நகரசபையே இன்னொரு வண்டி அனுப்புகிறதுதான். ஆனால் அது திறந்துவிடுவது ஏறத்தாழ 3 மீற்றர் அகலம், அதுவும் தரை தெரிய இல்லை. இரண்டு கார் நிற்கும் வாசலுக்கு அது காணாது.

ஆகவே இது இரண்டு தர வேலை. ஒருதரம் பள்ளிக்கூடத்துக்கு முன், மறுதரம் பிளவ் போன பிறகு. ஒரு தரத்துக்கு விலை பேசிவிட்டு இரண்டு தர வேலையை எதிர்பார்க்கிறதுதான் எல்லாச் சண்டைக்கும் வேர். என்னைக் கேட்டால், முதல் தரத்துக்கு 25 டொலர், வரம்புக்குத் தனியாக 15 டொலர் என்று வேலை தொடங்க முன்னமே பேசிவிட வேண்டும். 15 டொலர் அதிகம் என்று நினைப்பவர்கள் அந்த வரம்பில் ஒருதரம் சவளை (பனி அள்ளுற மண்வாரியை) விட்டுப் பார்க்கட்டும். வானத்தில் இருந்து விழுந்த பனி இல்லை அது. உப்புத் தண்ணியும் ஐஸ் கட்டியும் சேர்ந்து நசிந்தது. இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டால் சீமெந்து மாதிரி இறுகும்.

பாரத்தையும் ஒருக்கால் கணக்குப் பாருங்கோ. 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் உள்ள ட்றைவ்வேயில் 15 செ.மீ. விழுந்தால் 9 கன மீற்றர். காய்ந்த பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலே 900 கிலோ. மார்ச் மாதத்து ஈரப் பனி 250 கிலோவும் வரும்; அப்போது இரண்டு தொன்னுக்கு மேல். சவளுக்கு 5 கிலோ என்றால் 450 தரம் குனிந்து நிமிர வேண்டும். "20 செ.மீ. என்றாலும் 20 டொலர்தானே?" என்று கேட்கிற அங்கிள்மாருக்காகத்தான் இந்தக் கணக்கு. விலை பனியின் ஆழத்துக்கும் ஈரத்துக்கும், வீட்டுக்கு இல்லை.

பெடியளுக்கும் சொல்ல இருக்கு. பத்து வீட்டுக்கு ஓம் சொல்லாதேங்கோ. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். பள்ளிக்கூடத்துக்கு முன் இரண்டு வீடு, மிஞ்சினால் மூன்று. அதுவும் ஒரே தெருவில்.

சவள் இரண்டு வேணும்: 24 அல்லது 30 அங்குல அகலமான தள்ளுற சவள் ஒன்று, வரம்பை வெட்ட ஒடுங்கிய உலோகச் சவள் ஒன்று. அகலச் சவளால் வரம்பைத் தூக்கப் போனால் முதலில் உடைவது பிடி, அடுத்தது இடுப்பு. இன்ரர்லொக் கல் பதித்த வீடென்றால் உலோக விளிம்பு வேண்டாம், கல்லின் மூலை பெயரும். ஈரப் பனி சவளில் ஒட்டினால் சமையல் எண்ணெய் ஸ்பிறே கொஞ்சம் அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

கார் ஏறி இறங்குவதற்கு முன் வழிக்க வேண்டும். டயர் நசித்த தடம் ஐஸாகிவிட்டால் வேலை இரட்டிப்பு. காரின் மேலுள்ள பனியை முதலே தட்டிவிடுங்கோ, இல்லாவிட்டால் வழித்த இடத்தையே திரும்ப வழிக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு திறந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் தள்ளுங்கோ. தூக்குவது கடைசி வழி. தூக்கும்போது இடுப்பைத் திருகாமல் காலைத் திருப்பி எறியுங்கோ.

வாசலில் ஒரு நுட்பம் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றால் பிளவ் இடப்பக்கத்தில் இருந்து வரும். வாசலுக்கு இடப்பக்கம் தெரு ஓரத்தில் மூன்று நான்கு மீற்றருக்கு ஒரு பொந்து மாதிரி வெட்டி, அந்தப் பனியைப் புல்வெளிக்குள் எறிந்து விடுங்கோ. பிளவ் அலகில் சேர்ந்து வருவதில் கொஞ்சம் அந்தப் பொந்துக்குள் கொட்டும், வாசல் வரம்பு சிறுக்கும். வாசலில் அள்ளியதை வலப்பக்கம் போடுங்கோ. இடப்பக்க ஓரத்தில் குவித்தால் பிளவ் அதையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே வைக்கும். தெருவுக்குள் தள்ளுவது சட்டப்படி தடை.

வீட்டுச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குழாய்களைப் பார்த்து எறியுங்கோ. அது வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் புகை போகும் வழி. மூடினால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். காஸ் மீற்றரையும் தீயணைப்புக் குழாயையும் புதைக்காதேங்கோ.

பேஸ்மென்ற் (நிலக்கீழ் வீடு) வாசலுக்குப் போகும் பக்கப் பாதைக்குத் தனி விலை பேசுங்கோ. இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு மீற்றர்தான் இருக்கும். எறிய இடம் இல்லை. சவள் சவளாக முன்னுக்குக் காவிக்கொண்டு வர வேண்டும். வாடகைக்கு இருக்கிற ஆள் இரவு வேலை முடிந்து இருட்டில் வந்து வழுக்குவதும் அந்தப் படியில்தான்.

உப்பில்தான் அநியாயம் நடக்குது. 20 அடி ட்றைவ்வேக்கு ஒரு கோப்பிக் குவளை போதும். வாளி வாளியாகக் கொட்டினால் புல்லும் சீமெந்தும் நாயின் பாதமும்தான் பழுது. வழித்த பிறகு போடுங்கோ, பனிக்கு மேல் இல்லை. குளிர் -10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு ஏறக்குறைய சும்மா கிடக்கும். அன்றைக்கு மணல் தூவுங்கோ, இல்லாவிட்டால் கல்சியம் குளோரைட் வாங்கச் சொல்லுங்கோ. உப்பு வீட்டுக்காரர் செலவு. இதையும் முதலே பேச வேண்டும்.

காற்றுக் குளிர் (காற்றோடு சேர்த்து உடம்பு உணர்கிற குளிர்) -28 ஐத் தாண்டினால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் வெறுந்தோல் உறையலாம். பருத்தி உடுப்பு வேர்வையில் நனைந்து உடம்பைக் குளிராக்கும். ஒரு சோடி கையுறை பொக்கற்றில் மேலதிகமாக இருக்கட்டும். பனியை அள்ளி வீசுகிற ஸ்னோ புளோவர் மெஷின் இருக்கிற வீட்டில், அடைபட்ட பனியைக் கையால் எடுக்கவே கூடாது. எஞ்சின் நின்ற பிறகும் அலகில் இழுவை இருக்கும், விரல் போகும். தடி பாவியுங்கோ.

"இதெல்லாம் நானே வழிப்பன்" என்று நிற்கிற ஐம்பது தாண்டியவர்களுக்கு: கியூபெக் தரவுகளை வைத்து 2017 இல் வெளிவந்த ஆய்வில், 20 செ.மீ. பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வரும் வாய்ப்பு 16% கூடியிருந்தது. 40 டொலரை அதோடு வைத்துப் பாருங்கோ.

கடைசியாக ஒன்று. ஒன்ராறியோவில் உயர்தரப் பள்ளி முடிக்க 40 மணித்தியாலத் தொண்டு வேணும். தனியாக இருக்கிற அம்மம்மா ஒருவருக்குச் சும்மா வழித்துக் குடுத்தால், பள்ளிக்கூடத்தின் விதிகளைப் பார்த்து அதைக் கணக்கில் சேர்க்கலாம். காசு வாங்கின வேலை சேராது. பெடியனுக்குக் காசுக்குப் பதிலாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தாறன் என்று சொல்லிப் பெரிய இரட்டைக் கராஜ் வீட்டுக்காரர் சிலர் தப்பப் பார்க்கினம். தாய் தகப்பன் அதற்குத் தலையாட்ட வேண்டாம்.