சோயா மீற்றுக்குப் பயப்படுகிறோம், சொசேஜைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம்

"ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சோயா மீற் குடுக்காதீங்க" என்று எங்கட மட்டக்களப்புப் பக்கம் ஒரு பேச்சு பல வருசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சோயா மீற் என்றால் சோயா மாவில் செய்து பக்கற்றில் விற்கிற, இறைச்சி மாதிரியான காய்ந்த துண்டுகள். வட்ஸ்அப்பில் வருகிறது, கலியாண வீட்டுச் சமையல்கட்டில் வருகிறது, படித்தவர்கள் வாயிலும் வருகிறது. கொடுத்தால் ஆண்மை குறையும், மார்பு வளரும், பிறகு பிள்ளை பிறக்காது என்று ஆளுக்கொன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அதே வீடுகளில் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பாணுக்குள் சொசேஜ் பொரித்து வைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள், அதற்கு ஒருவருக்கும் பயமில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சொசேஜ். 2015 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கொண்டு 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பதப்படுத்திய இறைச்சியை முதலாம் குழுவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருப்பவற்றைத்தான் அந்தக் குழுவில் சேர்ப்பார்கள். தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 50 கிராம் என்றால் கொஞ்சம் பெரிய சொசேஜ் ஒன்று, சின்னது என்றால் இரண்டு, அவ்வளவுதான்.

சரி, இதைக் கேட்டுப் பதறவும் வேண்டாம். புகையிலையும் அதே குழுவில் இருப்பதால் சொசேஜும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து என்று சிலர் பரப்பினார்கள், அது பிழை. ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் குழு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பது வேறு கணக்கு. பிரித்தானிய நிலவரத்தை வைத்துச் சொன்னால், நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய், அந்த நூறு பேரும் தினமும் இந்தளவு சாப்பிட்டால் ஏழு பேருக்கு வரும். ஒரு ஆள்தானே கூட என்று தோன்றலாம், ஆனால் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு இங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை ஓடித் திரிந்த குடும்பத்தைக் கண்டவர்களுக்கு அந்த ஒரு ஆள் எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

சொசேஜின் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கோழி இறைச்சியை அவித்தால் வெளிறிப் போகும், மாட்டிறைச்சி என்றால் கபில நிறமாகும். சொசேஜ், லிங்கஸ், ஹாம் எல்லாம் அவித்தாலும் இளஞ்சிவப்பாகவே நிற்கும். அது சோடியம் நைத்திரைற்றின் வேலை, பக்கற்றில் 250 என்ற இலக்கம் போட்டிருப்பார்கள். அதைச் சேர்ப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சூட்டலை உண்டாக்கும் பற்றீரியா வளராமல் அது தடுக்கிறது. ஆனால் அதே நைத்திரைற்று, நாங்கள் சொசேஜைக் கீறிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டு ஓரம் கருகும்வரை வறுக்கும்போதும், பிறகு வயிற்றுக்குள் போன பின்னும், இறைச்சிப் புரதத்தின் கூறுகளோடு சேர்ந்து நைத்திரோசமீன் என்ற பொருட்களை உண்டாக்குகிறது. புற்றுநோய் என்ற பேச்சு வருவதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

"கோழிச் சொசேஜ்தானே, மாடில்லையே" என்பவர்களும் இருக்கிறார்கள். நைத்திரைற்றுப் போட்டுப் பதப்படுத்தினால் கோழியும் அந்தக் கணக்கில்தான் வரும். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து நண்பர்கள் சிலர் ஹலால் முத்திரையைக் காட்டுவார்கள். அந்த முத்திரை மார்க்கப்படி கூடுமா கூடாதா என்பதைச் சொல்கிறது, தினமும் கொடுத்தால் பிள்ளையின் குடலுக்கு நல்லதா என்பதை அது சொல்ல வரவில்லை. சந்தையில் உரித்து வாங்கி அன்றைக்கே ஆக்குகிற கோழிக்கறி இந்தப் பேச்சிலேயே இல்லை, அதைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சியை அதற்கு அடுத்த குழுவில், அநேகமாக உண்டாக்கக்கூடும் என்ற நிலையில் வைத்திருக்கிறார்கள். கருவாட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம், சீன முறையில் உப்பிட்ட மீனும் முதலாம் குழுவில் இருக்கிறது, ஆனால் அதைச் செய்கிற விதம் வேறு. எங்கட கருவாட்டில் நான் பயப்படுவது உப்புக்குத்தான்.

எங்கட மச்சாள் ஒருத்தி, அருமையாகச் சமைப்பவ, மகனுக்கு வாரத்தில் பாதி நாள் சொசேஜ்தான் கட்டுவா. சோயா மீற் வீட்டுக்குள் வரக்கூடாது. "என்ன இருந்தாலும் அதுல இறைச்சி இரிக்கே, சத்துத்தானே" என்றா. "மச்சாள், அந்தப் பக்கற்ற ஒருக்கா எடுங்க" என்று குளிரூட்டியிலிருந்து எடுப்பித்து, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். கோழி இறைச்சி, தண்ணீர், எண்ணெய், மாப்பொருள், அதற்கடுத்துச் சோயாப் புரதம், பிறகு உப்பு, பொஸ்பேற்று, சுவையூட்டி, நிறமூட்டி, 250. சோயாப் புரதம் என்ற இடத்தில் மச்சாளின் விரல் நின்றுவிட்டது. பல சொசேஜ், மீற் போல்ஸ் பக்கற்றுகளில் இது இருக்கிறது, தண்ணீரையும் கொழுப்பையும் பிடித்து வைத்திருக்கவும் செலவைக் குறைக்கவும் சேர்க்கிறார்கள். பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கிய சோயாவை நைத்திரைற்றோடும் உப்போடும் சேர்த்து, கூடக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்ப சோயாவுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? சோயாவில் ஐசோபிளேவோன் என்று ஒன்று இருக்கிறது, அதன் அமைப்பு பெண்மைக்குரிய ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கதை வளர்ந்துவிட்டது. ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இலும், இன்னும் விரிவாக 2021இலும் அலசிப் பார்த்தார்கள், சோயா உணவு ஆண்மைக்குரிய ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனைக் குறைக்கவில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாகச் சோயா சாப்பிட்டு வருகிறார்கள். எங்கட நாட்டிலேயே தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா என்ற சத்துமாவில் சோளத்தோடு சோயாதான் இருக்கிறது. அதை வாங்கி ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு ஐந்து வயதுக்குப் பிறகு மட்டும் சோயா எப்படி விசமாகும்? கவனமாக இருக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது, தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் சோயாவையும் குளிசையையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் டொக்டரிடம் கேட்டு இடைவெளி விட வேண்டும். மற்றவர்களுக்குப் பயம் தேவையில்லை.

சோயா மீற் என்பது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சோயா மா. அதைத் தண்ணீர் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் யந்திரத்தினூடாகத் தள்ளும்போது, வெளியே வந்ததும் உப்பி நார்நாராக நிற்கும். அமெரிக்காவில் 1960களில் வந்த தொழில்நுட்பம் இது. காய்ந்த நிலையில் 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம், ஊறித் தண்ணீர் குடித்த பிறகு இறைச்சியின் அளவுக்குக் கிட்டவாக வந்து நிற்கும். கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்து உண்டு.

ஆனால் சோயா மீற்றிலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. பக்கற்றுக்குள் இருக்கிற சின்னப் பக்கற். கோழிச் சுவை, இறால் சுவை, கணவாய்ச் சுவை என்று வருகிற அந்தத் தூள் பெரும்பாலும் உப்பும் 621 என்ற சுவையூட்டியும்தான். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கட வீடுகளில் சோற்றுக்கும் கறிக்கும் சம்பலுக்கும் போட்டே அந்தக் கணக்கு முடிந்துவிடும், அதற்கு மேல் இந்தத் தூளும் எதற்கு? வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். கொதிதண்ணீரில் சோயாவை ஊறப்போட்டு, நுரையும் அந்தப் பச்சை வாசமும் போகும்வரை கை பொறுக்கிற சூட்டில் பிழிந்து, திரும்ப நல்ல தண்ணீரில் அலசி இறுக்கிப் பிழிந்து எடுக்க வேண்டும். சரியாகப் பிழியாவிட்டால் எந்த மசாலாவும் உள்ளே போகாது, சோயா ருசியில்லை என்பவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பிறகு தேங்காயெண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை, பெருஞ்சீரகம் தாளித்து, பிழிந்த சோயாவைப் போட்டு ஓரம் சிவக்கும்வரை வதக்கி, வீட்டில் இடித்த கறித்தூள் போட்டு, இரண்டாம் பாலில் வேகவைத்து, இறக்கும்போது முதற்பால். பிட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சின்னப் பக்கற் குப்பைக்குப் போகட்டும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் காரைதீவு, செட்டிபாளையம், தம்பிலுவில் என்று எங்கட ஊர்களில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, வீட்டுக்குள் வராது. அந்த நாட்களில் கடைகளில் சோயா மீற் பறந்துவிடும். விரதம் பிடிப்பவர்கள் கோழிச் சுவை சாப்பிடலாமா என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை, அது அவரவர் மனம். தொடர்ந்து ஒரே கறியாகச் சோயா ஓடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பயறு இருக்கிறது, கௌபி இருக்கிறது, கடலை இருக்கிறது, பருப்பு இருக்கிறது, உழுந்து இருக்கிறது. பிலாக்காய்க் கறி இறைச்சி மாதிரி நாரோடு இருப்பதால் இறைச்சிக்குப் பதில் அது போதும் என்று நினைக்கிறார்கள். ருசியில் சரி, ஆனால் பிலாக்காயில் புரதம் மிகக் குறைவு, பக்கத்தில் ஒரு பருப்பாணம் கட்டாயம் இருக்க வேண்டும். வருசம் முழுக்கச் சைவமாக இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தேவை, பி12. சோயாவில் அது இல்லை, பாலிலும் எங்கட எருமைத் தயிரிலும் இருக்கிறது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தங்கள் அங்கே விற்கிற சைவ பேகர், சைவ சொசேஜ் படங்களை அனுப்பி நல்லதா என்று கேட்கிறார்கள். பட்டாணிப் புரதமோ சோயாவோ, தேங்காயெண்ணெய், நிறத்துக்கு பீற்றூட் சாறு என்று செய்கிறார்கள். 2020இல் அமெரிக்காவில் 36 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் இறைச்சியை விட்டு இவற்றைச் சாப்பிட்டபோது கெட்ட கொலஸ்ட்ரோல் குறைந்தது, அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இவற்றைச் செய்கிற கம்பனி என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். உப்பு அவற்றிலும் கூட. சொசேஜுக்குப் பதில் என்றால் எடுங்கள், பருப்புக்குப் பதில் என்றால் வேண்டாம். சோயா மீற்றுக்கும் நான் சொல்வது அதேதான்.

பக்கற்றின் முன்பக்கத்தில் சீனி, உப்பு, கொழுப்பு என்று சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் இருக்கும். எழுத்து வாசிக்கக் கண் பிடிக்காதவர்கள் உப்பு வட்டத்தின் நிறத்தையாவது பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் டியூஷன் வாசல்களில் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பின்னேரம் நாலு மணிக்குப் பசியோடு வெளியே வருகிற பிள்ளைகளுக்கு நீங்கள் வைத்திருப்பதுதான் சாப்பாடு. கண்ணாடிப் பெட்டிக்குள் சொசேஜ் பணிஸ் மட்டும் இருந்தால் அதைத்தான் வாங்குவார்கள். தேங்காய்ச்சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையையும் கௌபியையும் ஒரு சட்டியில் சுடச்சுட வைத்துப் பாருங்கள். பெற்றோர் நாங்கள் பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து, அந்தக் கடலையை வாங்கு என்று சொல்லியனுப்புகிறோம்.