படம் ஒத்திருந்தால் டிராக் ஆகிவிடுமா?

இரண்டு நாளாக நம் குரூப்பில் நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. நம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக் கரி ரேஸ் டிராக்கை கார் ரேஸ் சிமுலேட்டர் கேமுக்குள் கொண்டுவந்த அந்த மாட் (கேமில் சேர்த்துக்கொள்ள ரசிகர் ஒருவரே செய்தது), அதன் கீழே "அச்சு அசல், நூற்றுக்கு நூறு" என்று வரிசைகட்டிய கமெண்ட்டுகள், நான் எழுதிய ஒரே வரிக்கு "பெருசு, கேம் தெரியாம பேசாதீங்க" என்று கிடைத்த பதில். எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "பார்க்க அப்படியே இருக்கிறது, ஆனால் தரை இல்லை." இப்போதும் அதையேதான் சொல்கிறேன். பிட் சுவர் இருக்கிறது, விளம்பர போர்டு இருக்கிறது, தூரத்து மரம்கூட இருக்கிறது. தரை இல்லை. வண்டி ஓடுவது தரைமேல்.

ஐரேசிங் என்ற சிமுலேட்டர் 2008-இல் வந்தபோதே லேசர் ஸ்கேன் செய்த டிராக்குகளோடுதான் வந்தது. ஸ்கேனர் தரையைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடும். அசெட்டோ கோர்சா என்ற இன்னொரு சிமுலேட்டர்காரர்களும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் உள்ள 20.8 கிலோமீட்டர் நார்ட்ஷ்லைஃபேயை லேசரில் அளந்துதான் 2015-இல் கொடுத்தார்கள். அதில் கருசெல் வளைவுக்குள் இறங்கினால் கான்கிரீட் பலகைகளின் அதிர்வு ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும். சாட்டிலைட் படத்தையும் வீடியோவையும் வைத்து வரைந்தால் வளைவின் உருவம் கிடைக்கும். எங்கே சாய்கிறது, எங்கே விரல்கடை உயரம் தூக்குகிறது என்பது கிடைக்காது.

ரேஸ் வண்டிகளைச் சரிபார்க்கும் பிட்டில் நான் மெக்கானிக்காக ஸ்பேனர் பிடித்த காலத்தில் ரேஸுக்கு முந்தின நாள் டிரைவரோடு டிராக்கை நடந்து பார்ப்போம். பிரேக் பிடிக்கும் இடம் ஒன்றுக்குச் சற்று முன்னால் தார்மேல் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். ஃபார்முலா வண்டிகளின் அடித்தட்டு உரசியது. நின்று பார்த்தால் அங்கே மேடு இருப்பதே தெரியாது, கன்னம் தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தால்தான் தெரியும். அந்தக் கீறலைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினோம். அந்த மேடு இந்த மாடில் எங்கே?

பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்கா பையன் கேமில் ஓட்ட வீல், பெடல் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். கரியில் நிஜமாகவே ஓட்டியவன். மாடை ஓட்டிப் பார்த்துவிட்டு அவனே கேட்டான்: "மாமா, அந்த எடத்துல வண்டி தூக்கிப் போடுமுங்கல்ல? இதுல வீலு கம்முனு இருக்குதுங்க." அவனுக்கு வயது இருபத்திரண்டு. அவனையும் பெருசு என்பீர்களா?

இலவசமாகச் செய்து கொடுத்த தம்பியைக் குறை சொல்லலாமா என்கிறார்கள். நான் எங்கே குறை சொன்னேன்? தூக்கம் கெட்டு உழைத்திருக்கிறார், நன்றாகவே செய்திருக்கிறார். அச்சு அசல் என்று அவர் சொல்லவே இல்லை. சொன்னவர்கள் நீங்கள்.

ஃபார்முலா ஒன் டிரைவர்களே சிமுலேட்டரில்தானே பழகுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். சரி, பழகுகிறார்கள். லேசரில் அளந்த தரையில் பழகுகிறார்கள். அந்த அளவும் நிரந்தரம் இல்லை. நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் டிராக்கில் 2020-இல் கடைசி வளைவை 18 டிகிரிக்குச் சாய்த்துக் கட்டினார்கள். அதற்கு முன் எடுத்த ஸ்கேன் இன்றைய ஸாண்ட்வோர்ட் ஆகாது. மில்லிமீட்டருக்கு அளந்தவர்களே மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது, நீங்கள் அளக்காத டிராக்குக்கு நூறு மார்க் போடுகிறீர்கள்.

கேம்தானே, விடுங்கள் என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இதை நம்பி பிரேக் பாயின்ட் மனப்பாடம் செய்த பையன் நாளைக்கு நிஜ வண்டியில் போய் உட்காருவான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு பக்கவாட்டில் வந்து அடிக்கும். கேம் ஸ்டீயரிங் அதிர்வைக் கொடுக்கும், பிரேக்கில் உடம்பு முன்னால் போய் பெல்ட்டில் இடிப்பதைக் கொடுக்காது.

"பெருசு, கேம் தெரியாம பேசாதீங்க, போய் ஸ்பேனர் பிடிங்க" என்ற கமெண்ட்டுக்கு நம் ஊர்க்காரர்களே சிரித்து வைத்திருக்கிறார்கள். ஸ்பேனர் பிடிப்பது அவ்வளவு கேவலமா? அந்த டிராக் யார் பெயரில் இருக்கிறது என்றாவது தெரியுமா? கரிவர்தன். மாருதி இன்ஜினை வைத்து இங்கேயே ஃபார்முலா வண்டி கட்டினவர், 1995-இல் விமான விபத்தில் போனவர். அவர் பெயரில்தான் 2003-இல் இந்த 2.1 கிலோமீட்டரைப் போட்டார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் இதே கோயம்புத்தூர்தான். கையில் கிரீஸோடு நின்றவர்கள் இல்லாமலா இதெல்லாம் நடந்தது? சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தாரில் கால் வைத்திருக்கிறீர்கள்? உக்கடத்திலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான்.

மாட் செய்த தம்பி இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். எங்கே மேடு, எங்கே சாய்வு, டிராக் ஓரத்துக் கெர்ப் மேடுகளில் எது டயரைத் தூக்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்கிறேன், அனுமதி வாங்கிக் கூடவே நடக்கவும் தயார். ஸ்பேனர் பிடிக்கச் சொன்னவர் வர வேண்டாம்.